தொலைநோக்கு சுவரில் இருக்கிறது, வேலை பழைய மாதிரியே நடக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: பிப்ரவரி 3

எங்கள் நிறுவனத்துக்குப் புதுத் தலைவர் வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. வந்த முதல் மாதமே எல்லோரையும் கூட்டி வைத்துத் தன் தொலைநோக்கை அறிவித்தார். நன்றாகத்தான் பேசினார், மனதில் பட்டது. அந்த வாசகத்தை நுழைவாயிலில் பெரிய எழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் என் மேசைக்கு வரும் வேலையில் எந்த மாற்றமும் இல்லை. எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த வாசகம் என்ன என்றே தெரியாது. ஆட்கள் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல தலைவர் வந்தாலும் ஒன்றும் நடக்காது என்பது என் முடிவு. வேறு மாதிரி நினைப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ஆளைக்கூட மாற்றாமல் வேலை தலைகீழாக மாறியதை நேரில் பார்த்திருக்கிறேன். நாளை விவரமாக எழுதுகிறேன். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த அறிவிப்புக்குப் பிறகு, அதுவரை நடந்துகொண்டிருந்த எந்த வேலையாவது நிறுத்தப்பட்டதா? மாதக் கூட்டத்தில் உங்கள் தலைவர் முதலில் கேட்கும் கேள்வி என்ன?

பிப்ரவரி 4

உங்கள் பதிலைப் பார்த்தேன். எதுவும் நிறுத்தப்படவில்லை, முதல் கேள்வி எப்போதும்போல "இந்த மாசம் சேல்ஸ் எவ்வளவு?" என்கிறீர்கள்.

அப்படியென்றால் உங்கள் பன்னிரண்டு பேர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. எந்தக் கேள்வி வரும் என்று தெரிகிறதோ அதற்குத்தான் எவரும் பதில் தயார் செய்வார்கள். வாசலில் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு வருடமாக யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. விற்பனையைப் பற்றி மாதந்தோறும் கேட்கிறார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மருத்துவமனைகளுக்கு இயந்திரங்களை விற்று, பழுதானால் சரி செய்தும் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். புதிதாக வந்த தலைவர் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்: "நம் இயந்திரம் எந்த மருத்துவமனையிலும் ஒரு நாளுக்கு மேல் ஓடாமல் நிற்கக் கூடாது." கைதட்டினோம். அப்புறம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

அன்றைக்கு வேலை எப்படி நடந்தது என்று சொன்னால்தான் புரியும். புகார் வந்தால் கணினியில் ஒரு எண் விழும். இன்ஜினியர் போய்ப் பார்ப்பார். உதிரிப் பாகம் மாற்ற வேண்டும் என்றால் ஒரு படிவம் எழுதுவார். அதில் கிளை மேலாளர் கையெழுத்து, ஸ்டோர்ஸ் கையெழுத்து, அக்கவுண்ட்ஸ் கையெழுத்து என்று மூன்று வேண்டும். ஒரு முறை ஒரு வென்டிலேட்டருக்கு பிரஷர் சென்சார் தேவைப்பட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், அவ்வளவு சின்னது. எங்கள் ஸ்டோர்ஸ் அலமாரியில் அது இருந்தது. படிவம் அக்கவுண்ட்ஸ் மேசையில் இருந்தது. அந்த மேசைக்காரர் விடுப்பில் இருந்தார். மருத்துவமனையிலிருந்து தினமும் போன் வந்தது. போனை எடுத்தவருக்கும் பாகம் எங்கே இருக்கிறது என்று தெரியும், படிவம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஒரு நாளுக்குள்" என்ற இலக்கு வந்ததும் முதலில் மாறியது கணக்கு எழுதும் விதம். இன்ஜினியர் அன்றைக்கே போய், "பார்வையிடப்பட்டது, பாகம் தேவை" என்று எழுதி அந்தப் புகார் எண்ணை மூடிவிடுவார். பாகம் வந்ததும் புதிதாக இன்னொரு எண் போடுவார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். இயந்திரம் மட்டும் ஓடாது. மாத அறிக்கை முழுவதும் பச்சை. யாரும் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளில் முடிக்கச் சொன்னால் வேறு வழி இல்லை.

ஒரு கூட்டத்தில் தலைவர் அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "இந்த நிமிஷம் எந்தெந்த மருத்துவமனையில் நம் இயந்திரம் நின்றுகொண்டிருக்கிறது? பெயரைச் சொல்லுங்கள்" என்றார். ஒருவரிடமும் அந்தப் பட்டியல் இல்லை. போன் போட்டுப் போட்டுத்தான் தயார் செய்தோம். பச்சை அறிக்கைக்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டம் அந்தப் பட்டியலோடுதான் தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி: "எதுக்காகக் காத்திருக்கு?" பாதிக்கு மேல் பதில், கையெழுத்து. சில வாரங்களில் படிவம் மாறியது. குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே உள்ள பாகங்களை இன்ஜினியரே ஸ்டோர்ஸில் எழுதிவைத்துவிட்டு எடுத்துப் போகலாம், அக்கவுண்ட்ஸ் மாதக் கடைசியில் சரிபார்க்கும் என்று வந்தது. அதே இன்ஜினியர்கள்தான், அதே ஸ்டோர்ஸ்தான். இயந்திரங்கள் ஓடத் தொடங்கின.

பிப்ரவரி 5

"ஒரு சின்ன நிறுவனத்தில் நடந்ததை எல்லா இடத்துக்கும் பொருத்திப் பார்க்க முடியாது" என்கிறீர்கள். சரி, உலகத்திலேயே பெரிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரியம்மை ஒழிப்பு.

பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு தீர்மானம் போட்டது 1959ல். அதுவும் ஒரு தொலைநோக்குதான், அதைவிடப் பெரியது இருக்க முடியாது. எட்டு வருடம் கழித்து, 1967ல்கூட, அந்த ஒரே வருடத்தில் ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடிப் பேருக்கு நோய் வந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வருடம்தான் டொனால்ட் ஹெண்டர்சன் தலைமையில் தீவிரத் திட்டம் தொடங்கியது. பத்து வருடம் என்று கெடு வைத்தார்கள்.

அதுவரை எதை எண்ணிக்கொண்டிருந்தார்கள்? எத்தனை பேருக்குத் தடுப்பூசி போட்டோம் என்பதை. இந்தியாவில் 1962ல் தேசிய அளவில் திட்டம் ஆரம்பித்தார்கள், பதிவேடுகள் நிரம்பின. நோய் போகவில்லை. காரணம் எளிது. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு மறுபடி மறுபடி போட்டாலும் எண்ணிக்கை ஏறும். யாரும் போகாத குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு தடவைகூடப் போடாமல் விட்டாலும் ஏட்டில் அது தெரியாது. நோய் அங்கேதான் இருந்தது.

இதை மாற்றியது ஒரு தட்டுப்பாடு. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபேகி என்ற மருத்துவரிடம் எல்லோருக்கும் போடும் அளவுக்குத் தடுப்பூசி இல்லை. அதனால் நோய் எங்கே இருக்கிறது என்று தேடி, நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அவர்கள் போய்வரும் இடங்களில் இருந்தவர்களுக்கும் மட்டும் போட்டார்கள். எல்லோருக்கும் போடாமலேயே நோய் நின்றது. "எத்தனை பேருக்குப் போட்டாச்சு?" என்ற கேள்வி போய், "இன்றைக்கு நோய் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வி வந்தது. எங்கள் தலைவர் பச்சை அறிக்கையை ஓரமாக வைத்தாரே, அதே திருப்பம்.

அதற்கடுத்து நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1973 இலையுதிர் காலத்தில் இந்தியாவில் வீடு வீடாகத் தேடத் தொடங்கினார்கள். பெரியம்மை வந்த குழந்தையின் படம் போட்ட ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மாதிரி யாருக்காவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் அதுவரை எந்தப் பதிவிலும் வராத ஆயிரக்கணக்கான நோயாளிகள் வெளியே வந்தார்கள். கணக்கு திடீரென்று எகிறியது. முன்னால் ஏன் வரவில்லை? நோய் இருப்பதாகச் சொன்னால் கீழ்நிலை ஊழியருக்குத் திட்டும் தண்டனையும் கிடைத்தன. "எங்கள் பகுதியில் இல்லை" என்று எழுதினால் நிம்மதி. பிறகு அதையே திருப்பிப் போட்டார்கள். நோயாளி இருக்கும் இடத்தைச் சொன்னால் பரிசு. கடைசியில் அது ஆயிரம் ரூபாய் வரை உயர்ந்தது.

1975 மே மாதத்தோடு இந்தியாவில் நோய் நின்றது. உலகத்தில் இயற்கையாக வந்த கடைசி நோயாளி சோமாலியாவின் மெர்கா ஊரில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரர், 1977 அக்டோபரில். ஒழிந்துவிட்டது என்று 1980 மே மாதம் அறிவித்தார்கள்.

பிப்ரவரி 5, மாலை

மேலே எழுதியதைப் படித்தால் 1967க்கு முன்னால் இருந்தவர்கள் சும்மா இருந்தார்கள் என்று தோன்றலாம். அது நியாயமில்லை. ஒழிக்கலாம் என்ற யோசனையையே 1958ல் முன்வைத்தவர் சோவியத் ஒன்றியத்தின் விக்டர் ஷ்டானோவ். அந்த நாடு கோடிக்கணக்கில் தடுப்பூசியை இலவசமாகவும் கொடுத்தது. உறையவைத்து உலர்த்திய, வெயிலிலும் கெடாத தடுப்பூசி இல்லாமல் எந்தத் தேடலும் பயன்பட்டிருக்காது.

இன்னொன்று, இரண்டு முனை ஊசி. ஒரு சொட்டு மருந்தைத் தொட்டு எடுத்து, பதினைந்து குத்து. பழைய முறைக்குத் தேவைப்பட்ட மருந்தில் கால் பங்கு போதும். புதிதாக வருபவருக்குக் கொஞ்ச நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். உங்கள் பன்னிரண்டு பேர் கையில் அந்த மாதிரி என்ன இருக்கிறது என்றும் யோசியுங்கள். புதிய தொலைநோக்கு, பழைய படிவம், பழைய சாஃப்ட்வேர் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பிப்ரவரி 8

"அதெல்லாம் பொதுச் சுகாதாரம், எங்களுடையது லாபத்துக்கு நடக்கும் கம்பெனி." சரி.

அல்கோவா என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனத்துக்கு 1987ல் பால் ஓ'நீல் தலைவராக வந்தார். முதலீட்டாளர்கள் முன்னால் பேசிய முதல் பேச்சிலேயே லாபத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். காயமே இல்லாத நிறுவனம் என்பது அவர் இலக்கு. கேட்டவர்களுக்குக் குழப்பம். இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. பேச்சைக் கேட்டுத் தொழிலாளர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பேச்சுக்குப் பிறகு அவர் போட்ட விதி. யாருக்காவது காயம் பட்டால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரிவின் தலைவர் நேரடியாக அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறார் என்பதையும் சேர்த்து.

அந்த விதி என்ன செய்யும் என்று பாருங்கள். பிரிவுத் தலைவர் ஒரு நாளுக்குள் சொல்ல வேண்டுமென்றால், ஆலை மேலாளர் அவருக்குச் சில மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். மேலாளருக்கு ஃபோர்மேன் உடனே சொல்லியாக வேண்டும். ஃபோர்மேனிடம் தொழிலாளி பயப்படாமல் சொல்லியாக வேண்டும். கீழே இருந்து மேலே ஒரு பாதை திறந்துவிட்டது. பாதை திறந்த பிறகு காயம் மட்டும் அதில் போகவில்லை, "இந்த இயந்திரத்தை இப்படி வைத்தால் உற்பத்தி கூடும்" என்ற யோசனையும் அதே பாதையில் போனது. வேலைக்கு வர முடியாமல் போகும் அளவுக்கான காயங்கள் நூறு தொழிலாளர்களுக்கு 1.86 என்றிருந்தது, 2000 வாக்கில் 0.2க்கு இறங்கியது. லாபமும் கூடவே ஏறியது.

இதற்கு நேர் எதிர், வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கி. ஒவ்வொரு வாடிக்கையாளரும் எட்டுச் சேவைகள் வைத்திருக்க வேண்டும் என்று இலக்கு. தினமும் கிளைகளை நெருக்கினார்கள். "முடியவில்லை" என்று சொல்லும் பாதை அடைபட்டிருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். 2016ல் 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். நிச்சயமாக அந்த ஐயாயிரம் பேரும் கெட்ட எண்ணத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் இல்லை. "ஆட்கள் சரியில்லை" என்ற உங்கள் முடிவை எதிர்ப்பதற்கு எனக்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

பிப்ரவரி 9

அந்த வாசகத்தையே அனுப்பியிருக்கிறீர்கள். "சிறப்பின் புதிய உச்சத்தை நோக்கி, அனைவருடனும் இணைந்து." நல்ல எண்ணம் தெரிகிறது. ஆனால் உங்கள் அலுவலகத்தில் நாளைக் காலை இரண்டு பேர் ஒரு விஷயத்தில் மோதிக்கொண்டால், இந்த வாக்கியத்தைக் காட்டி யார் சரி என்று சொல்ல முடியுமா? முடியாது. இருவருமே உச்சத்தை நோக்கித்தான் போகிறார்கள்.

1961 மே 25ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நாடாளுமன்றத்தில் சொன்னதைப் பாருங்கள். இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகப் பூமிக்குத் திரும்பக் கொண்டுவருவது. அன்றைக்கு அமெரிக்கர்களுக்கு விண்வெளியில் இருந்த மொத்த மனித அனுபவம் கால் மணி நேரம்தான், அந்த மே மாதம் 5ஆம் தேதி ஆலன் ஷெப்பர்ட் போய்வந்தது. அந்த வாக்கியத்தில் என்ன, எப்போது இரண்டும் இருக்கிறது. "பத்திரமாகத் திரும்ப" என்ற இரண்டு வார்த்தை எத்தனை குறுக்கு வழிகளை அடைத்திருக்கும் என்று யோசித்தால் அதன் பலம் தெரியும்.

எப்படி என்பதை அவர் சொல்லவில்லை. சரியாகச் செய்தார். நாசாவில் பெரும்பாலோர் ஒரே ராக்கெட்டில் நேராகப் போய் இறங்கலாம், இல்லையென்றால் பூமியைச் சுற்றும்போது கலங்களை இணைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தார்கள். ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர், நிலவைச் சுற்றும்போது சின்னக் கலம் ஒன்றைப் பிரித்து இறக்கி, திரும்ப வந்து இணைவதுதான் சாத்தியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. 1961 நவம்பரில் நடுவில் இருந்த எல்லோரையும் தாண்டி நாசாவின் துணை நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கே கடிதம் எழுதினார். சீமன்ஸ் அதைத் தூக்கிப் போடாமல் ஆராயச் சொன்னார். 1962 ஜூலையில் அந்த வழியையே தேர்ந்தெடுத்தார்கள். பத்தாண்டு என்ற கெடு இல்லாமல் இருந்திருந்தால் அந்த வாக்குவாதம் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

கென்னடியைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. 1962 நவம்பரில் வெள்ளை மாளிகையில் நடந்த ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவு இருக்கிறது. தனக்கு விண்வெளியில் பெரிய ஆர்வம் இல்லை, ரஷ்யர்களுக்கு முன் நிலவுக்குப் போவதுதான் முக்கியம், மற்ற எதுவும் அதற்கு அடுத்துத்தான் என்கிறார். நாசா தலைவர் ஜேம்ஸ் வெப், ஜனாதிபதியின் முகத்துக்கு நேராக அதை மறுத்துப் பேசுகிறார். விண்வெளித் துறை முழுவதிலும் முன்னணிக்கு வருவதுதான் குறிக்கோளாக இருக்க வேண்டும் என்கிறார்.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. "மற்றதெல்லாம் அடுத்து" என்று தலைவர் வாய்விட்டுச் சொல்கிறார். நான் முதல் நாள் கேட்ட கேள்வி இதுதான்: எதை நிறுத்தினார்கள்? புதிய கனவுக்கு நேரம் எங்கிருந்தாவது வர வேண்டும். எதையும் விடாமல் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், ஆட்கள் ராத்திரியில் உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும், இல்லை செய்ததுபோலக் காட்ட வேண்டும். இரண்டாவது, வெப் மறுத்துப் பேசினார், வேலையும் போகவில்லை.

பிப்ரவரி 11

முதல் நாள் இரண்டு கேள்வி கேட்டேன். மூன்றாவது ஒன்றையும் கேட்டிருக்கலாம் என்று இரண்டு நாளாகத் தோன்றுகிறது. கடைசியாக உங்கள் தலைவரிடம் கெட்ட செய்தி கொண்டுபோனவர் யார், அவருக்கு என்ன ஆனது?

பிப்ரவரி 12

நீங்கள் எழுதியதைப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. "ஒருத்தர் சொன்னார், எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார், அதுக்கப்புறம் யாரும் சொல்வதில்லை." உங்கள் தலைவருக்கு இப்போது எதுவும் தெரியாது. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று அவர் மனதார நம்பிக்கொண்டிருப்பார். அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் கோபம் ஒரு வருடச் செய்தியை அடைத்துவிட்டது.

பெரியம்மைக் கதையில் இதற்கு ஒரு இடம் இருக்கிறது. 1974ல் பிகாரில் கணக்கு ஏறிக்கொண்டே போனபோது, மாநில சுகாதார அமைச்சர் பழையபடி எல்லோருக்கும் தடுப்பூசி போடும் முறைக்கே திரும்பலாம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். ஒரு இளம் மருத்துவர் எழுந்தார். எங்கள் கிராமத்தில் ஒரு வீடு பற்றிக்கொண்டால் அந்த வீட்டின் மேல்தான் தண்ணீர் ஊற்றுவோம், ஊரில் இருக்கும் எல்லா வீட்டின் மேலும் ஊற்ற மாட்டோம் என்றார். அமைச்சர் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். அந்த அவகாசத்தில் வேலை திரும்பியது. இதை ஃபேகி எழுதிவைத்திருக்கிறார். எழுந்து பேசிய மருத்துவரைப் பாராட்டுகிறோம், சரி. உட்கார்ந்து கேட்ட அமைச்சரையும் பாராட்ட வேண்டும்.

பிப்ரவரி 14

"தலைவர் செய்ய வேண்டியதையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் நான் என்ன செய்வது?"

அவர் உங்களிடம் கேட்காத கேள்வியை நீங்கள் உங்கள் பன்னிரண்டு பேரிடம் கேட்கலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வாசலில் இருக்கும் வாசகத்தை விட்டுவிடுங்கள். உங்கள் பிரிவிலிருந்து வெளியே போகும் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது யாருக்குப் போகிறதோ அவர் எதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருக்கிறாரோ, அந்த ஒன்றை. அந்த வேலை எந்த மேசையில் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று கொஞ்ச நாள் குறித்து வையுங்கள். செய்யும் நேரத்தை அளக்க வேண்டாம், கிடக்கும் நேரத்தை அளங்கள். நான் பார்த்த இடங்களில் எல்லாம் செய்யும் நேரம் கொஞ்சம், கிடக்கும் நேரம் மலை.

அரவிந்த் கண் மருத்துவமனையை இந்தக் கண்ணோடு பார்த்தால் நிறையத் தெரியும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சை செய்தார் என்பதுதான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது. அந்த மன உறுதிக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது என்ற அவருடைய கனவு நடைமுறைக்கு வந்தது அறுவை அரங்கின் அமைப்பில். மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். இதை முடித்ததும் அப்படியே அந்தப் பக்கம் திரும்புவார். மருத்துவரால் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்வார். பரிசோதனை, தயார்படுத்துவது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள், அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மருத்துவர் காத்திருக்கும் நேரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

அப்புறம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். இறக்குமதி லென்ஸின் விலை ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகாது. "விலை அதிகம், என்ன செய்ய" என்று நிற்காமல் 1992ல் ஆரோலேப் என்று தொடங்கித் தாங்களே செய்தார்கள். கனவுக்கு நடுவில் என்ன குறுக்கே நிற்கிறது என்று பார்த்து, அதையே அடுத்த வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

சரி, உங்களுக்கு வருகிறேன். குறித்து வைத்ததை எடுத்துக்கொண்டு தலைவரிடம் தனியாகப் போங்கள். கூட்டத்தில் வேண்டாம். "தொலைநோக்கு வேலை செய்யவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், கதவு அங்கேயே மூடிவிடும். "நீங்கள் சொன்னது என் பிரிவில் இந்த இடத்தில் நிற்கிறது. இந்த ஒரு ஒப்புதலை எங்களிடம் விட்டால் நகரும். மூணு மாசம் பார்ப்போம், சரிவரலேன்னா பழையபடி வச்சுக்கலாம்" என்று கேளுங்கள். ஒரே ஒரு முடிவு. கெட்ட செய்தியோடு அவர் உடனே செய்யக்கூடிய ஒன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான தலைவர்கள் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 20

மேலே எழுதியதில் ஒரு குறை. ஒரு முடிவு எடுத்தால் நகரும் என்பது உண்மை, ஆனால் நகர்ந்தது அப்படியே நகர்ந்துகொண்டிருக்காது. எங்கள் தலைவர் அந்தத் திங்கட்கிழமைப் பட்டியலை விடாமல் கேட்டார். எங்களுக்கே சலித்துப்போனது. பட்டியலில் இரண்டே பெயர் இருக்கும் வாரத்திலும் அதிலிருந்துதான் தொடங்குவார். ஒரு வாரம் அவர் வெளியூரில் இருந்தபோது கூட்டத்தை நடத்தியவர் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளினார், நேரமில்லை என்று அது விட்டேபோனது. அடுத்த வாரம் பட்டியலே தயாராக இல்லை. ஒரு வாரம்தான் இடைவெளி!

ஓ'நீல் அல்கோவாவின் தலைமை நிர்வாகியாக 1999 வரை இருந்தார். அத்தனை வருடமும் பாதுகாப்புதான் முதல் பேச்சு. புதிது புதிதாகக் கனவு அறிவிக்கும் தலைவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. கீழே இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். இது எத்தனை நாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடுத்தது வரும்வரை தலையைக் குனிந்துகொள்வார்கள்.

மார்ச் 2

தனியாகப் பேசினேன், ஒப்புக்கொண்டார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனம் நிறைந்தது. மூன்று மாதத்துக்குத்தான் என்றாலும் பெரிய விஷயம். அன்றைக்கு எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியதில் இன்னும் கோபமாக இருக்கும் அந்தச் சக ஊழியரையும் இதில் சேர்த்துக்கொள்ளப் பாருங்கள். முதலில் உண்மையைச் சொன்னவர் அவர்தான்.

தலைவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கென்னடி 1963ல் கொல்லப்பட்டார். வெப் 1968 அக்டோபரில் பதவி விலகினார். நிலவில் இறங்கியது 1969 ஜூலையில். அதற்குள் வேலை ஒப்பந்தங்களிலும் பட்ஜெட்டிலும் லட்சக்கணக்கானவர்களின் அன்றாடத்திலும் இறங்கிவிட்டிருந்தது. எங்கள் நிறுவனத்திலும் அந்தத் தலைவர் போய்விட்டார். பட்டியல் கொஞ்ச காலம் ஓடி நின்றுபோனது, அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் படிவம் திரும்பி வரவில்லை. மூன்று கையெழுத்தை மறுபடி கொண்டுவர வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து விதியை மாற்ற வேண்டும், அதற்கு யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. அதனால் உங்களுக்குக் கிடைத்த ஒப்புதலை மூன்று மாதம் முடிவதற்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மார்ச் 3

கையெழுத்து இல்லாமல் இன்ஜினியரே எடுத்துப்போகும் பாகங்களுக்கு மதிப்பு வரம்பை எப்படி முடிவு செய்தோம் என்ற உங்கள் கேள்விக்கு: முந்தைய வருடம் எடுத்த பாகங்களை விலைவாரியாக அடுக்கிப் பார்த்தோம். எண்ணிக்கையில் பெரும்பகுதி விலை குறைந்தவை, பணத்தில் பெரும்பகுதி கொஞ்சமே இருந்த விலை உயர்ந்தவை. இரண்டும் பிரியும் இடத்தில் கோடு போட்டோம். கோட்டுக்கு மேலே பழைய மூன்று கையெழுத்தையே வைத்தோம், அதனால் அக்கவுண்ட்ஸும் எதிர்க்கவில்லை. உங்கள் ஒப்புதல்களையும் அப்படி அடுக்கிப் பாருங்கள், கோடு எங்கே விழுகிறது என்று எழுதுங்கள்.